டோபமைனும் தன்னடக்கமும்: ஊக்கிப் போதை பற்றிய அறிவின் வரலாறு

ஊக்கிகள் என்பவை விழிப்பையும் சுறுசுறுப்பையும் கூட்டி, பசியையும் உறக்கத்தையும் தள்ளிப்போடும் பொருள்கள் ஆகும். தேநீரிலுள்ள காஃபீன், புகையிலையிலுள்ள நிகோட்டின் போன்றவை இவற்றுள் மென்மையானவை. கோக்கெய்ன், ஆம்பெட்டமைன், மெத்தாம்பெட்டமைன் ஆகியவை கடுமையானவை. இவற்றுக்கு அடிமையானவரைப் பார்த்து "மனவுறுதி இருந்தால் விட்டுவிடலாமே" என்று உலகம் நெடுங்காலமாகக் கேட்டு வந்துள்ளது. மனவுறுதி எனப்படுவது மூளையின் எந்தப் பகுதியில் உருவாகிறது, ஊக்கிகள் அதனை எவ்வாறு தேய்க்கின்றன என்பது கடந்த எழுபது ஆண்டுகளில்தான் தெரியவந்தது. அந்த அறிவு உருவான வரலாற்றையும், வடசென்னையின் மாதவரம் வட்டாரத்திற்கு அது எவ்வகையில் பொருந்துகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மாதவரமும் விழித்திருக்கும் வட்டாரமும்

மாதவரம் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் சூழ்ந்த சிற்றூர். பால்பண்ணை வந்த பின்பு சென்னை மக்களுக்கு அப்பெயர் பழக்கமாயிற்று. 2011ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது மாதவரம் நகராட்சி அதனுடன் இணைந்து மூன்றாவது மண்டலம் ஆயிற்று. கொல்கத்தா செல்லும் ஜி.என்.டி. சாலை இவ்வழியே செல்கிறது. சரக்கு லாரிகள் நிற்கும் முனையமும், ஆந்திரா செல்லும் பேருந்துகளுக்காக 2018இல் திறக்கப்பட்ட புறநகர்ப் பேருந்து நிலையமும் இங்கு உள்ளன. கிழக்கே மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் இயங்குகிறது. அதற்கு அப்பால் திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் தொடர்கின்றன.

இவ்வட்டாரத்தின் உழைப்பு இரவு பகல் பார்ப்பதில்லை. ஆலைகளில் மூன்று ஷிப்டு முறை. துறைமுகத்திற்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் வரிசையில் நிற்கும். விடியும்முன் பால் வண்டிகள் புறப்பட்டாக வேண்டும். உறக்கத்தை விரட்ட வேண்டிய தேவை இங்கு நெடுநாளாக உண்டு. அதனைப் பெரும்பாலும் தேநீரும் பீடியும் மெல்லும் புகையிலையும் நிறைவேற்றி வந்தன. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாடு அரசு 2013இல் தடை விதித்தது.

அண்மை ஆண்டுகளில் காவல்துறைச் செய்திகளில் புதிய பெயர் ஒன்று அடிக்கடி தென்படுகிறது. மெத்தாம்பெட்டமைன் எனும் அப்பொருளை விற்போரும் வாங்குவோரும் "மெத்", "ஐஸ்" என்கின்றனர். 2024 டிசம்பரில் மாதவரம் பகுதியில் சென்னை பெருநகரக் காவல்துறை சிலரைக் கைதுசெய்து இப்பொருளைக் கிலோக் கணக்கில் கைப்பற்றியது. சட்டப்படி 50 கிராம் இருந்தாலே அது வணிக அளவு. அதே ஆண்டு நவம்பரில் அந்தமான் கடலில் மியான்மர் மீன்பிடிப் படகு ஒன்றிலிருந்து ஏறத்தாழ 6,000 கிலோ மெத்தாம்பெட்டமைனை இந்தியக் கடலோரக் காவல்படை பிடித்தது. பெருமளவில் உற்பத்தியாகும் பொருள், துறைமுகமும் நெடுஞ்சாலையும் கூடும் இடங்களைத் தேடி வருவது இயல்பே.

எனினும் அளவை மிகைப்படுத்தக் கூடாது. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்தியரில் ஆம்பெட்டமைன் வகை ஊக்கிகளைப் பயன்படுத்துவோர் 0.18 விழுக்காட்டினர். அபின் வகைப் பொருள்களுக்கு அந்த அளவு 2.06 விழுக்காடு, மதுவுக்கு 14.6 விழுக்காடு. ஊக்கிப் போதை இன்னும் சிறுபான்மைச் சிக்கலே. ஆனால் இதற்கான மருத்துவம் மற்றவற்றினும் வேறுபட்டது. அதனைப் புரிந்துகொள்ள மூளை அறிவியலின் வரலாறு துணைசெய்யும்.

மருந்தாக வந்த ஊக்கிகள்

சீன மருத்துவத்தில் "மா ஹுவாங்" எனப்படும் எபீட்ரா செடி, மூச்சிரைப்புக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டது. ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி 1885இல் அச்செடியிலிருந்து எபீட்ரின் எனும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1893இல் எபீட்ரினிலிருந்து மெத்தாம்பெட்டமைனை உருவாக்கினார். அதற்கு முன்பே, 1887இல் ருமேனிய வேதியியலாளர் லாசர் எடலேயானு பெர்லினில் ஆம்பெட்டமைனைத் தொகுத்திருந்தார். 1919இல் அகிரா ஒகாதா மெத்தாம்பெட்டமைனைப் படிக வடிவில் பெற்றார். இவற்றுக்கு அன்று எந்தத் தீய பெயரும் இல்லை.

1930களில் ஆம்பெட்டமைன் அமெரிக்காவில் மூக்கடைப்புக்கான உறிஞ்சுகுழலாகக் கடைக்கு வந்தது. 1938இல் ஜெர்மனியில் "பெர்விட்டின்" எனும் பெயரில் மெத்தாம்பெட்டமைன் மாத்திரை விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்கும் வழங்கப்பட்டது. ஜப்பானில் "ஹிரோபோன்" எனும் மாத்திரை இதே வேலையைச் செய்தது. போர் முடிந்தபின் எஞ்சிய இருப்பு ஜப்பானியச் சந்தையில் பரவியது. தோல்வியாலும் பசியாலும் வேலையின்மையாலும் துவண்டிருந்த நகரங்களில் அது பெருந்தொற்றுப் போலப் பரவியதால், ஜப்பான் 1951இல் ஊக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது.

1971இல் வியன்னாவில் உளவியல் தாக்கப் பொருள்கள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை உருவானது. இந்தியா 1975இல் அதனை ஏற்றது. 1985இல் போதைப்பொருள் மற்றும் உளவியல் தாக்கப் பொருள்கள் சட்டம் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது. தடைச்சட்டங்கள் இவ்வாறு வளர்ந்தபோதும், இப்பொருள்கள் மனிதரை ஏன் பிடித்துக்கொள்கின்றன என்பதற்கான விடை வேறொரு வழியில் வந்துகொண்டிருந்தது. அந்த வழி இந்தியச் செடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

சர்ப்பகந்தாவிலிருந்து டோபமைன் வரை

சர்ப்பகந்தா எனும் மூலிகையின் வேர் இந்திய மருத்துவத்தில் பாம்புக்கடிக்கும் மனக்கொந்தளிப்புக்கும் வழங்கப்பட்டு வந்தது. 1931இல் கொல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இவ்வேர் மனநோயையும் இரத்த அழுத்தத்தையும் தணிப்பதாக மருத்துவ இதழில் எழுதினர். அதே ஆண்டு டெல்லியில் சலிமுஸ்ஸமான் சித்திக்கி இவ்வேரின் வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தார். 1949இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்த அழுத்த நோயாளிகளிடம் இது அளித்த பயனைப் பிரித்தானிய இதயநோய் இதழில் வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் எனும் தூய மருந்து பிரிக்கப்பட்டது.

ரெசர்ப்பின் எப்படி மனிதரை அமைதிப்படுத்துகிறது என்பதைக் கண்டறியும் முயற்சியே டோபமைன் அறிவியலின் வாயில். சுவீடன் ஆய்வாளர் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்ப்பின் செலுத்தினார். அவை காது தொங்கி, அசைவற்றுக் கிடந்தன. பின்னர் எல்-டோபா எனும் பொருளைச் செலுத்தியதும் எழுந்து ஓடலாயின. 1957, 1958ஆம் ஆண்டுகளில் வெளியான இந்த ஆய்வுகள், டோபமைன் மற்றொரு வேதிப்பொருளின் மூலப்பொருள் மட்டுமன்று, மூளையில் தனிப்பணி உடைய நரம்புக் கடத்தி என்று காட்டின. 1957இல் இங்கிலாந்தில் கேத்லீன் மான்டேகு மூளைத் திசுவில் டோபமைன் இருப்பதைத் தனியே கண்டிருந்தார். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

நரம்பு முனைகளில் டோபமைன் சிறு பைகளில் சேமித்து வைக்கப்படுகிறது. ரெசர்ப்பின் அப்பைகளை நிரம்பவிடாமல் தடுக்கிறது. மெத்தாம்பெட்டமைனும் அதே பைகளைத்தான் குறிவைக்கிறது. ஆனால் அது சேமிப்பை வெளியே கொட்டச் செய்து, டோபமைனைத் திரும்ப உள்ளிழுக்கும் குழாயையே வெளித்தள்ளும் குழாயாக மாற்றிவிடுகிறது. இருப்பை வற்றச் செய்வதால் முயல் அசையாமல் கிடந்தது. இருப்பை ஒரேயடியாகக் கொட்டச் செய்வதால் மனிதர் நாள்கணக்கில் உறங்காமல் திரிகிறார்.

இன்ப மையம்: ஓர் எண்ணமும் அதன் திருத்தமும்

1954இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் எலியின் மூளையில் மின்கம்பி பொருத்தி, அது நெம்புகோலை அழுத்தும்போது மின்னூட்டம் கிடைக்குமாறு செய்தனர். கம்பி குறிப்பிட்ட பகுதிகளில் அமைந்தபோது எலி ஓயாமல் அழுத்திக்கொண்டே இருந்தது. "இன்ப மையம்" எனும் சொல் இதிலிருந்து பரவியது. டோபமைனின் பங்கு தெளிவானதும் அது "இன்ப வேதிப்பொருள்" எனப் பெயர் பெற்றது. 1988இல் இத்தாலியைச் சேர்ந்த காய்த்தானோ டி கியாரா குழுவினர், போதைதரும் பொருள்கள் எலி மூளையின் ஊக்கப் பகுதியில் டோபமைனைக் கூட்டுவதை அளந்து காட்டினர். உணவு உண்ணும்போது டோபமைன் இயல்பு அளவினும் ஏறத்தாழப் பாதி கூடுகிறது. ஆம்பெட்டமைன் அதனைப் பத்து மடங்கு வரை உயர்த்தக்கூடும்.

ஆனால் இன்பம் எனும் விளக்கம் போதவில்லை. சுவிட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குச் சாறு கொடுத்து டோபமைன் நரம்பணுக்களைக் கவனித்தார். சாறு எதிர்பாராமல் கிடைத்தபோது அவை துடித்தன. ஒரு விளக்கு எரிந்தபின் சாறு வரும் என்று பழகியதும், துடிப்பு விளக்குக்கு இடம்பெயர்ந்தது. எதிர்பார்த்த சாறு வராதபோது அது இயல்புக்கும் கீழே இறங்கியது. 1997இல் பீட்டர் டயன், ரீட் மான்டேகு ஆகியோருடன் அவர் வெளியிட்ட கட்டுரையின் முடிவு இது: டோபமைன் இன்பத்தை அறிவிப்பதில்லை; எதிர்பார்ப்புக்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை அறிவித்து, "இதை நினைவில் கொள்" என்று மூளைக்குக் கற்பிக்கிறது.

சாறு எவ்வளவு இனித்தாலும் பழகப் பழக டோபமைன் அடங்கும். மெத்தாம்பெட்டமைன் டோபமைனை நேரடியாகக் கொட்டச் செய்வதால், ஒவ்வொரு முறையும் "எதிர்பார்த்ததினும் மேல்" எனும் பொய்ச் செய்தி மூளைக்குச் செல்கிறது. அதனால் அந்தப் பாடம் மீண்டும் மீண்டும் அழுத்தமாகப் பதிகிறது. போதையோடு தொடர்புடைய தெரு, நண்பர், கைப்பேசி அழைப்பு, சம்பள நாள் ஆகியவையும் குரங்கு கண்ட விளக்கைப் போல ஏக்கத்தைக் கிளப்பும் குறிகளாகின்றன. இன்பம் குறைந்த பின்னும் வேட்கை குறையாதது இதனால்தான். பலர் "இப்போது அதில் சுகமே இல்லை, ஆனாலும் விட முடியவில்லை" என்பது சாக்குப்போக்கு அன்று.

தன்னடக்கத்தின் இடம்

வேட்கை மட்டுமே மனிதரை ஆளுவதில்லை. நெற்றிக்குப் பின்னால் அமைந்த முன்மூளைப் பகுதி, பின்விளைவை எண்ணிப் பார்த்து, கைக்கு எட்டியதை வேண்டாம் என்று தள்ளும் பணியைச் செய்கிறது. இதுவே தன்னடக்கத்தின் இருப்பிடம். திருக்குறளில் அடக்கமுடைமை 13ஆம் அதிகாரமாகவும், கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. எண்பது அதிகாரங்கள் இடைவெளி உள்ள இவ்விரண்டு செய்திகளும் மூளையில் மிக அருகருகே இணைந்திருப்பதை இன்றைய ஆய்வு காட்டுகிறது.

1990களில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் நோரா வோல்கோவ் குழுவினர், உயிருள்ள மனிதரின் மூளையைப் படமெடுத்து ஆய்ந்தனர். கோக்கெய்ன் பயன்படுத்துவோரின் மூளையில் டோபமைனைப் பெறும் ஒருவகை ஏற்பிகள் குறைந்திருந்தன. ஏற்பி குறைவாக இருந்தவர்களுக்கு முன்மூளையின் ஒரு பகுதியும் மந்தமாக இயங்கியது. வண்டியின் முடுக்கி இறுகிப்போன அதே நேரத்தில் பிரேக்கும் தேய்ந்துவிடுவதற்கு இது ஒப்பாகும்.

உறக்கமின்மையும் இதனோடு சேர்கிறது. ஓர் இரவு முழுதும் விழித்திருந்தவர்களின் மூளையிலும் இந்த ஏற்பிகள் குறைவாகத் தென்படுவதை வோல்கோவ் குழுவினரே பின்னர் கண்டனர். தொடர் இரவு வேலையும் ஊக்கியும் சேர்ந்தால் தன்னடக்கம் இரு பக்கமும் தேய்கிறது. ஷிப்டு வேலையும் நெடுந்தொலைவு லாரி ஓட்டமும் நிறைந்த வட்டாரத்துக்கு இது முக்கியமான செய்தி. விழித்திருக்க உதவும் என்று தொடங்கிய பொருள், விழிப்பைப் பயன்படுத்தும் நிதானத்தையே எடுத்துவிடுகிறது.

"நினைத்தால் விடலாம்" எனும் வாதம்

மேற்கண்ட முடிவுகள் ஒருவரை முற்றிலும் கையறு நிலையில் வைப்பதாகக் கொள்ளக்கூடாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஹார்ட் ஆய்வகச் சூழலில் கோக்கெய்ன், மெத்தாம்பெட்டமைன் பயன்படுத்துவோருக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புத் தந்தார்: ஒரு வேளை போதைப்பொருள் அல்லது பணம். தொகை சிறிதாக இருந்தபோது பலர் போதைப்பொருளைத் தேர்ந்தனர். தொகை பெரிதானபோது பெரும்பாலும் பணத்தையே தேர்ந்தனர். தேர்வுத் திறன் முற்றாக அழிந்துவிடவில்லை. எதிரே நம்பத்தக்க மாற்று ஒன்று இருக்கும்போது அது வேலை செய்கிறது.

இதே உண்மையிலிருந்து எழுந்த சிகிச்சை முறை ஒன்று உண்டு. 1990களில் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ், கோக்கெய்ன் பழக்கத்திலிருந்து விடுபட முயல்வோரின் சிறுநீர்ச் சோதனை சுத்தமாக இருக்கும் ஒவ்வொரு முறையும் பொருள்களாக மாற்றிக்கொள்ளத்தக்க சீட்டுகளை வழங்கினார். அடுத்தடுத்த வெற்றிக்கு மதிப்பு ஏறும். ஒருமுறை சறுக்கினால் மதிப்பு தொடக்க நிலைக்குத் திரும்பும். ஊக்கிப் போதைக்கு இதுவரை மிகுதியான பயன் கண்ட முறைகளுள் இது முன்னிற்கிறது. பெரிய வெகுமதி தொலைவில் இருக்கும்போது தேய்ந்த மூளைக்கு அது கண்ணில் படுவதில்லை. சிறிய வெகுமதியை உடனே, உறுதியாக, திரும்பத் திரும்பக் கொடுப்பதே இம்முறையின் அடிப்படை.

இதற்கு இணையான நம்பிக்கைச் செய்தி 2001இல் வந்தது. மெத்தாம்பெட்டமைனை நிறுத்தி ஓராண்டுக்கும் மேல் கடந்தவர்களின் மூளையில் டோபமைனை உள்ளிழுக்கும் குழாய்கள் பெருமளவு மீண்டிருப்பதை வோல்கோவ் குழுவினர் கண்டனர். ஆயினும் நினைவாற்றலும் இயக்கத்திறனும் அதே அளவு மீளவில்லை. ஆய்ந்தவர் எண்ணிக்கை சிறிதே. என்றாலும் அது உணர்த்திய பாடம் பெரிது. மூளை மீள்கிறது, ஆனால் அதற்கு நாள்கள் போதா, மாதங்கள் வேண்டும். பதினைந்து நாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பியவர் மீண்டும் சறுக்கினால், அதை நன்றிகெட்ட செயலாகக் கருதிக் கைவிடுவது அறிவியலுக்கு ஒவ்வாது. தேய்ந்த பிரேக்கைச் சரிசெய்ய அனுப்பிய வண்டியைப் பாதிவேலையில் சரிவில் இறக்கியதற்கு ஒப்பாகும் அது.

மருத்துவமும் சட்டமும்

ஹெராயின், வலிநிவாரணி மாத்திரை போன்ற அபின் வகைப் போதைக்கு மாற்று மருந்தாகப் புப்ரினார்பின், மெத்தடோன் ஆகியவை உள்ளன. ஊக்கிப் போதைக்கு அத்தகைய அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்து இன்னும் இல்லை. எனவே ஆலோசனை, உறக்கம், உணவு, குடும்பம், வேலை ஆகியவையே இங்கு மருத்துவத்தின் பெரும்பகுதி. நிறுத்திய முதல் நாள்களில் பாதிக்கப்பட்டவர் நெடுநேரம் உறங்குவார், சோர்வும் துயரமும் மிகும். தற்கொலை எண்ணம் தோன்றினால் உடனடி உதவி தேவை. மிகுதியாகப் பயன்படுத்தியவருக்கு மனப்பிரமையும் சந்தேகமும் ஏற்படலாம். அதற்கு மனநல மருத்துவரே பொருத்தமானவர்.

சென்னையில் இத்துறையின் வரலாறு நீண்டது. கீழ்ப்பாக்கம் மனநல நிலையம் 1794இல் தொடங்கியது. 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, மது மற்றும் போதை மீட்புக்குத் தனி மருத்துவமனை நடத்திய முன்னோடி. வடசென்னைக்கு அருகிலுள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலத் துறை உள்ளது. தேசியப் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416.

சட்டம் இருமுகம் கொண்டது. வணிக அளவில் வைத்திருப்போருக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு பயன்படுத்தியதற்காகக் குற்றம் சாட்டப்பட்டவர் தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. 39ஆம் பிரிவு, தண்டனைக்கு மாற்றாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலையையும் மனநோய்க்குள் சேர்த்துள்ளது. "காவல்நிலையம் போகவேண்டி வரும்" எனும் அச்சத்தால் பெற்றோர் மகனை மறைத்து வைப்பது பெரும்பாலும் இப்பிரிவுகள் தெரியாததால் நேர்கிறது.

வடசென்னைக்கான பாடம்

டோபமைன் ஆய்வின் வரலாறு இரண்டு எதிர்முனைகளையும் தவிர்க்கச் சொல்கிறது. "எல்லாம் மூளையின் வேதியியல், ஒருவரும் பொறுப்பல்லர்" என்பதும் தவறு, "மனவுறுதி இல்லாதவன்" என்று கைவிடுவதும் தவறு. தன்னடக்கம் ஒரே அளவில் நிலைத்து நிற்கும் குணமன்று. அது உறக்கம், உணவு, உடன் இருப்போர், எதிர்காலத்தின் மீதான நம்பிக்கை ஆகியவற்றால் கூடியும் குறைந்தும் போகும் ஆற்றல்.

எனவே மாதவரம் போன்ற வட்டாரத்தில் தடுப்புப் பணி காவல்துறைச் சோதனைச் சாவடியோடு முடிந்துவிடாது. அதனோடு சேர வேண்டியவை: தொடர்ந்து இரவு ஷிப்டு தராத பணிமுறை, லாரி முனையத்தில் ஓட்டுநர்கள் உறங்கத் தக்க இடம், மாலையில் விளையாடத் தகுந்த திடல், பள்ளியை விட்ட பதின்ம வயதினருக்குக் கைத்தொழில், மீண்டு வந்தவருக்குத் திரும்பவும் ஒரு வேலை. ஹார்ட் கண்ட உண்மையை நடைமுறையில் சொல்வதானால், போதைக்கு எதிரே வைக்கத்தக்க ஏதேனும் ஒன்று ஒவ்வொரு தெருவிலும் இருக்க வேண்டும். சறுக்கியவரை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் குடும்பமே அவற்றுள் முதன்மையானது. மூளை மீள மாதங்கள் ஆகும் என்பதை அறிந்த குடும்பம் அந்த மாதங்களைப் பொறுமையோடு கடக்கும்.